முட்டுகளின் துணையில் நிற்கும் ரயில்பாதை

உயர்மட்ட ரயில்பாதை ஒன்று தன் ஆயுளிலேயே மிகவும் வலுக்குன்றி நிற்பது, அது கட்டி முடிக்கப்படுவதற்கு முந்தைய சில வாரங்களில்தான் என்பது கட்டுமானப் பொறியாளர்கள் நன்கறிந்த செய்தி. ஆனால் அந்த வாரங்களில் அதன் அடியில் நாள்தோறும் வண்டியோட்டிச் செல்லும் பொதுமக்களுக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. 2025 ஜூன் 12 இரவு சென்னை மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் மணப்பாக்கத்தை ஒட்டி நிகழ்ந்த விபத்து இதை உணர்த்தியது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணியில், மாதவரத்தையும் சோழிங்கநல்லூரையும் இணைக்கவுள்ள ஐந்தாம் வழித்தடத்துக்காகத் தூண்களின் மேல் ஏற்றிவைக்கப்பட்டிருந்த இரண்டு கான்கிரீட் கர்டர்கள் சாலையில் விழுந்ததில், இரு சக்கர வாகனத்தில் சென்ற ஒருவர் உயிரிழந்தார். கர்டரைத் தாங்கி நின்ற ‘ஏ’ வடிவ முட்டுகளுள் ஒன்று நழுவியதே காரணம் என்று சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் தெரிவித்தது. ரயில் ஓடவில்லை, நிலம் அதிரவில்லை. நழுவிய உறுப்போ, பாலம் முடிந்ததும் கழற்றி எடுத்துச் செல்லப்படவேண்டிய ஒன்று.

கர்டர் என்பது ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரை கிடந்து, மேலே வரும் தளத்தையும் ரயிலையும் தாங்கும் நீண்ட உத்தரம். அதன் குறுக்குவெட்டு ஆங்கில ‘ஐ’ எழுத்தைப் போன்றிருப்பதற்குக் காரணம் உண்டு. உத்தரம் சுமையால் வளையும்போது அதன் மேற்பகுதி நெருக்கப்படுகிறது, அடிப்பகுதி இழுக்கப்படுகிறது, நடுப்பகுதிக்கோ அவ்வளவு வேலையில்லை. ஆகவே மேலும் கீழும் தடித்த பட்டைகளை அமைத்து, இடையில் மெல்லிய சுவரை நிறுத்தினால், குறைந்த கான்கிரீட்டில் நிறைந்த வலிமை கிடைக்கிறது. ஆனால் மேலிருந்து வரும் சுமைக்கு ஈடுகொடுக்கும் இதே வடிவம், பக்கவாட்டுத் தள்ளலுக்கு எளிதில் இடங்கொடுத்துவிடுகிறது. விளிம்பில் நிறுத்தப்பட்ட அளவுகோல் போல, உயரம் மிகுந்தும் அடியகலம் குறைந்தும் இருப்பதால், ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு அடித்தளத்துக்கு வெளியே சென்ற கணமே அது கவிழ்ந்துவிடும். பக்கத்துக் கர்டர்களோடு குறுக்கு உத்தரங்களால் பிணைக்கப்பட்டு, மேலே தளமும் வார்க்கப்பட்ட பின் இந்தக் கவலை நீங்கிவிடுகிறது. அதுவரை அதைக் காப்பது முட்டு ஒன்றே.

அந்தச் செங்குத்துக் கோட்டை அடித்தளத்துக்கு வெளியே தள்ளுவதற்குப் பெரிய விசை எதுவும் வேண்டியதில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மேசா நகர விரைவுச்சாலைப் பாலம் ஒன்றில் 2007 ஆகஸ்டில் ஒன்பது கர்டர்கள் அடுத்தடுத்துச் சாய்ந்து விழுந்தபோது, ஆய்வாளர்கள் சுட்டியவை எல்லாம் தனித்தனியே அற்பமாகத் தோன்றக்கூடிய காரணங்களே: வார்ப்பிலேயே நேர்ந்த சிறு பக்கவளைவு, ஒரு பக்கத்தில் மட்டும் வெயில் பட்டுச் சூடேறியதால் கூடிய வளைவு, தாங்குதிண்டின் மீது கர்டர் நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி அமர்ந்தது, திண்டு இருந்த தளத்தின் சரிவு. ஒவ்வொன்றையும் தனியாக அளந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்றே தோன்றும். முட்டின் வலிமையைக் கணக்கிடுவோர் அவற்றைச் சேர்த்தே கூட்டிப் பார்க்கவேண்டும்.

தில்லி ஜம்ருத்பூரில் மெட்ரோ பணியில் 2009 ஜூலை 12 அதிகாலை நிகழ்ந்த விபத்து வேறு வகை. அங்கே 67ஆம் எண் தூணின் தலைப்பகுதி ஒரு பக்கமாக நீண்டு, ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட துருத்துவிட்டமாக அமைந்திருந்தது. இத்தகைய விட்டத்தில் சுமை ஏறினால் நெருக்கமும் இழுப்பும் இடம் மாறிவிடுகின்றன: மேற்பகுதி இழுக்கப்படுகிறது. கான்கிரீட்டின் இழுவலிமை அதன் நெருக்கு வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே என்பதால், மேற்புறத்தில் செலுத்தப்படும் கம்பிகளே அங்கு முழுப் பாரத்தையும் ஏற்கவேண்டும். அந்தத் தூணில் விரிசல் முன்னரே காணப்பட்டுச் சரிசெய்யப்பட்டிருந்தது. பாதைத் துண்டுகளைத் தூக்கி அமைக்கும் ‘லாஞ்சர்’ எந்திரத்தின் பாரம் மேலேறியபோது தலைப்பகுதி ஒடிந்து, பாதையும் எந்திரமும் சரிந்து 6 பேர் இறந்தனர். மறுநாள், இடிபாட்டை அகற்ற வந்த கிரேன்களே சரிந்து மேலும் சிலர் காயமடைந்தனர். பொறுப்பேற்று விலகுவதாக அறிவித்த தில்லி மெட்ரோ நிர்வாக இயக்குநர் இ. ஸ்ரீதரனின் கடிதத்தை முதல்வர் ஷீலா தீட்சித் ஏற்கவில்லை. தில்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் ஏ. கே. நாக்பால் தலைமையிலான குழு, வடிவமைப்பிலேயே கடும் குறை இருந்ததாகக் கூறியது. அந்த வழித்தடத்தின் முதல் பகுதி 2010 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் அதே நாளில் தொடங்கின என்பதை நினைவிற்கொண்டால், பணியிடத்தில் நிலவியிருக்கக்கூடிய அவசரத்தைப் புரிந்துகொள்வது கடினமன்று.

கட்டி முடித்து ரயில் ஓடிய பிறகும் பாதை விழுந்ததற்கு மெக்சிகோ நகரம் சான்று. 2012இல் திறக்கப்பட்ட அந்நகர மெட்ரோவின் 12ஆம் தடத்தின் ஒரு பகுதி, 2021 மே 3 இரவு ஓடும் ரயிலோடு சரிந்து 26 பேரைக் கொன்றது. அங்கு எஃகுக் கர்டரும் மேலிருந்த கான்கிரீட் தளமும் ஒன்றாகச் சேர்ந்தே சுமையைத் தாங்கும் என்பது வடிவமைப்பு. அவ்வாறு சேர்ப்பவை, கர்டரில் பற்றவைக்கப்பட்டுக் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கும் கட்டைவிரல் அளவிலான எஃகு முளைகள். விபத்தை ஆராய அமர்த்தப்பட்ட டி.என்.வி. நிறுவனத்தின் ஆய்வில், அவற்றுள் பல சரியாகப் பற்றவைக்கப்படவில்லை என்றும், தளம் கைவிட்ட நிலையில் கர்டர் தனியே பாரம் தாங்க முடியாமல் முறுகி வளைந்தது என்றும் தெரியவந்தது. ஆகவே இதுவும் கட்டுமானக் காலத்தில் விதைக்கப்பட்ட பிழையே. வலுப்படுத்தும் பணி முடிந்து அந்தத் தடம் முழுமையாகத் திறக்கப்பட 2024 ஜனவரி ஆகிவிட்டது.

சென்னை விபத்துக்குப் பின் ஒப்பந்த நிறுவனமான எல் அண்ட் டிக்கு 1 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது, பொறியாளர்கள் நால்வர் பணியிலிருந்து நீக்கப்பட்டனர். தண்டனை விரைவாகவே வந்தது. ஆயினும், முட்டு எந்த விசையைத் தாங்க வடிவமைக்கப்பட்டது, அதை யார் சரிபார்த்தார், கர்டர் பிணைக்கப்படாமல் எத்தனை நாள் நின்றது என்ற கேள்விகளுக்கு அபராதம் விடையாகாது. சாரத்தையும் முட்டையும் தற்காலிகச் செலவாகக் கருதும் வழக்கம் ஒப்பந்தங்களில் ஊறியிருக்கிறது. உயிர் போகும் இடம் அதுவாக இருக்கையில், தூணுக்குரிய அதே தணிக்கை முட்டுக்கும் உரியது.

நீலகிரி மாவட்டத்தில் ரயில்பாதையே எட்டாத பந்தலூர், கூடலூர் வட்டங்களுக்கு இது தொலைவான செய்தியன்று. தேயிலைத் தோட்டங்களில் வேலை சுருங்கியதால் மலையிறங்கிக் கோவைக்கும் சென்னைக்கும் பிழைக்கச் செல்லும் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள், இத்தகைய கர்டர்களின் அடியிலும் அவற்றின் மேலும் இருப்பார்கள். கோவைக்கும் உயர்மட்ட மெட்ரோவுக்கான திட்ட அறிக்கை தயாரிக்கப்பட்டுள்ளது. அந்தப் பணி தொடங்கும் நாளில், பிணைக்கப்படாத கர்டரின் கீழ் போக்குவரத்தை அனுமதிப்பதில்லை என்ற விதியையும், விபத்து நேர்ந்தால் ஆய்வறிக்கையை முழுமையாக வெளியிடும் கடமையையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்குமாறு தமிழ்நாடு அரசு வற்புறுத்த வேண்டும்.