டாட்டூ கடை வைக்கப் போகிறீர்களா? லைசென்ஸ் மட்டும் போதாது!

உங்கள் பாட்டியின் முழங்கையில் பச்சைக் கோலம் பார்த்திருப்பீர்கள். குறவர் சமூகப் பெண்கள் தெருத் தெருவாக வந்து குத்திவிட்டது அது. மஞ்சள் தூளையும் அகத்திக் கீரையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியை வழித்துத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை ரெடி. மை என்னவோ நம் வீட்டுப் பொருள்தான். ஆனால் ஊசி? ஒரே ஊசி தெரு முழுக்கப் போகும்!

அதே வேலையை இன்று ஏ.சி. அறையில், மெஷின் வைத்துச் செய்கிறார்கள். “பையன் டாட்டூ கடை போடறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான் டாக்டர், நகையை அடகு வெச்சுக் குடுக்கலாமா?” என்று என்னிடம் கேட்கிற தாய்மார்கள் உண்டு. கூடாது என்று நான் சொல்வதில்லை. நல்ல கைவேலை அது. ஆனால் நகை கடைக்குப் போகும் முன்பு சில காகிதங்கள் கைக்கு வரவேண்டும்.

பச்சை குத்துவதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. “அப்போ லைசென்ஸே வேணாமா?” என்று சந்தோஷப்படாதீர்கள். மாநகராட்சியோ நகராட்சியோ, கடை இருக்கும் இடத்து உள்ளாட்சி அலுவலகத்தில் தொழில் உரிமம் வாங்கியே ஆகவேண்டும். வாடகை ஒப்பந்தம், சொத்து வரி ரசீது கேட்பார்கள். கட்டட உரிமையாளர் வரி பாக்கி வைத்திருந்தால் உங்கள் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே விசாரியுங்கள். தொழில் வரி உண்டு. கடைகள், நிறுவனங்கள் சட்டம் தொழிலாளர் துறையைச் சேர்ந்தது. பெயர்ப்பலகையில் தமிழ் கட்டாயம். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும்.

திருச்சியில் 2024 டிசம்பரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு டாட்டூ கடையில் நாக்கை இரண்டாகப் பிளக்கும் வேலையைச் செய்து, அதை வீடியோவாகவும் போட்டார்கள். இரண்டு பேர் கைதானார்கள், கடைக்கு சீல் வைக்கப்பட்டது. நாக்கை வெட்டுவது அறுவை சிகிச்சை. வைத்தியம் படித்த எங்களுக்கே பதிவு எண் இல்லாமல் நோயாளியைத் தொட அனுமதி இல்லை. டாட்டூ கடைக்கு வாங்கிய உரிமம் தோலின் மேல் படம் போடத்தான். மரத்துப் போக ஊசி போடுவதுகூட டாக்டர் வேலை, உங்கள் வேலை இல்லை.

இனி முக்கியமான விஷயம். காமாலை என்று கீழாநெல்லி கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ரத்தப் பரிசோதனை. அடுத்த கேள்வி, “சமீபத்துல எங்கேயாவது பச்சை குத்திக்கிட்டீங்களா?” என்பது. காரணம் இருக்கிறது. ஹெபடைடிஸ்-பி கிருமி, காய்ந்த ரத்தத் துளியில்கூட 7 நாள் வரை உயிரோடு இருக்கும். அந்த நோயுள்ளவருக்குக் குத்திய ஊசி தடுப்பூசி போடாத இன்னொருவருக்குப் பட்டால், 100-ல் 6 முதல் 30 பேருக்கு நோய் வரலாம். எச்.ஐ.வி.க்கு இது 1000-ல் 3 பேர்தான். எல்லாரும் எய்ட்ஸுக்குப் பயப்படுகிறார்கள். காமாலையை யாரும் நினைப்பதில்லை.

ஆகவே கடை போடுகிறவர் முதலில் தனக்கே தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. ஊசி ஆளுக்கு ஒன்று, பிரித்துக் காட்டிவிட்டுத்தான் குத்தவேண்டும். மையை பாட்டிலிலிருந்து நேரடியாகத் தொடாமல் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். “அஞ்சு ரூபா மைதானே, அடுத்தவருக்கு ஆகட்டும்” என்ற சிக்கனம் இங்கே ஆகாது. திரும்பப் பயன்படுத்தும் கருவிகளை வெந்நீரிலோ டெட்டாலிலோ முக்கி எடுத்தால் போதாது. ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ், 15 பவுண்டு அழுத்தம், சுற்றி வைத்த கருவிகளுக்கு 30 நிமிடம். நகையை அடகு வைத்தால் அந்தப் பணத்தில் முதலில் வாங்கவேண்டியது இதுதான். சோபாவும் கண்ணாடியும் அப்புறம்.

ரத்தம் பட்ட ஊசியைத் தெருத் தொட்டியில் போட்டால் துப்புரவுத் தொழிலாளியின் கையில் ஏறும். மருத்துவக் கழிவு விதிகள் 2016-ல் வந்தன. ஊசிகளைக் குத்து ஏறாத டப்பாவில் அடைத்து, கழிவை எடுத்துச் செல்லும் நிறுவனத்திடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் கடைக்கு என்ன அனுமதி தேவை என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலமாகவே கேளுங்கள். வாய்வார்த்தை பிற்பாடு உதவாது.

மை விஷயத்தில் ஐரோப்பிய நாடுகள் 2022 ஜனவரியிலிருந்து ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டன. இங்கே தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி இல்லாத பாட்டிலை வாங்காமல் இருப்பதுதான் உங்கள் கையில் இருக்கும் பாதுகாப்பு. குழாய்த் தண்ணீர் விட்டு நீர்க்கவைப்பது கூடவே கூடாது.

கையெழுத்து வாங்கும் படிவம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 18 வயது ஆகாதவரின் கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. காதலி பெயரோடு வரும் பிளஸ் டூ பையனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், அவன் பின்னாளில் நன்றி சொல்வான். சர்க்கரை நோய், தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுவது, கர்ப்பம் இவற்றைக் கேட்டு எழுதுங்கள். குத்திய இடத்தில் மஞ்சள் பூசு, வேப்பிலை அரைத்துப் போடு என்று யாருக்கும் சொல்லாதீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: திறந்த புண்ணில் சமையலறைப் பொருள் வேண்டாம். சீழ் பிடித்தால் டாக்டரிடம் அனுப்புங்கள்.

தென் கொரியாவில் 1992-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் டாக்டர் மட்டுமே பச்சை குத்தலாம் என்றிருந்தது. மற்றவர்களுக்கும் உரிமம் தரும் சட்டத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் 2025 செப்டம்பரில்தான் நிறைவேற்றியது. நியூயார்க் நகரம் காமாலைக்குப் பயந்து 1961-ல் போட்ட தடையை 1997 வரை எடுக்கவில்லை. நம் ஊரிலும் தனிச் சட்டம் ஒருநாள் வரும். அப்போது பதிவேடும் ஆட்டோகிளேவும் வைத்திருக்கும் கடைக்கு அலைச்சல் இருக்காது.

படிவத்தின் அடியில் இரண்டு வரி சேர்த்து அச்சடியுங்கள். பச்சை குத்தினால் 12 மாதம் ரத்த தானம் செய்ய முடியாது. ராணுவத்தில் சேர நினைப்பவருக்கு முழங்கையின் உட்புறம் முதல் மணிக்கட்டு வரை, அல்லது புறங்கையில் மட்டுமே அனுமதி. பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு உண்டு. இதைக் குத்துவதற்கு முன்பே படித்துக் காட்டுங்கள்.