கிண்ணத்தில் கலகம், தட்டில் யுரேனியம்... தெரியுமா?

அமெரிக்கப் பாத்திர அலமாரியைத் திறந்தால் வெடிகுண்டு ரகசியம் வரை எட்டிப் பார்க்கிறது!

ஒரு வெள்ளிக் கிண்ணம் பிரிட்டிஷ் மன்னரைச் சீண்டியது தெரியுமா? 1768-ல் பாஸ்டன் வெள்ளிப் பட்டறைக்காரர் பால் ரிவியர் செய்தது அது. பிரிட்டிஷ் வரிகளை எதிர்த்து மாசசூசெட்ஸ் சபை அனுப்பிய சுற்றறிக்கையை வாபஸ் வாங்கச் சொல்லி லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. அந்தச் சபையில் 92 பேர் 'முடியாது' என்றார்கள். அவர்களுக்கான மரியாதைதான் இந்தக் கிண்ணம். எடை 45 அவுன்ஸ், பிடிக்கும் அளவும் 45 கில் (பழைய திரவ அளவு)! அதென்ன 45? மன்னரின் உரையை வெளுத்து வாங்கியதற்காக பிரிட்டிஷ் எம்.பி. ஜான் வில்க்ஸைக் கைதாக வைத்த லண்டன் பத்திரிகையின் இதழ் எண்! 1949-ல் பாஸ்டன் அருங்காட்சியகம் இதை வாங்கியபோது பள்ளிப் பிள்ளைகளும் காசு போட்டார்கள்.

ஜாடியில் கவிதை எழுதிய அடிமை தெரியுமா? தென் கரோலினாவில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருவதே சட்டப்படி குற்றமாக இருந்த காலம். அங்கேதான் டேவிட் டிரேக், ஈரக் களிமண் காய்வதற்குள் இரண்டடிக் கவிதையைக் கீறி, 'டேவ்' என்று கையெழுத்தும் போட்டார். அவர் வனைந்த ஜாடிகளில் பெரியவை ஏறக்குறைய 150 லிட்டர் கொள்ளும்!

வெள்ளை மாளிகை விருந்துத் தட்டுகள் வெகுகாலம் வெளிநாட்டுச் சரக்கு என்பது தெரியுமா? முதல் உள்நாட்டு செட் வந்து இறங்கியது 1918-ல், அதிபர் வில்சன் காலத்தில். நியூஜெர்சியின் லெனாக்ஸ் நிறுவனம் செய்தது, மொத்தம் 1,700 உருப்படி!

சாப்பாட்டுத் தட்டு ஒரு கருவியை 'டிக் டிக்' என்று சத்தம் எழுப்ப வைக்குமா? வைக்கும்! 1936-ல் வந்த ஃபியஸ்டா பீங்கான் தட்டுகளில் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த அந்தப் பளபளப்புக்குக் காரணம் யுரேனியம். கதிரியக்கம் அளக்கும் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால் இன்றும் துடிக்கிறது. இரண்டாம் உலகப் போர் நடுவே யுரேனியத்தை அணுகுண்டுத் திட்டத்துக்காக அரசு எடுத்துக்கொள்ள, சிவப்புத் தட்டு கடையை விட்டே காணாமல் போனது. மறுபடி தலைகாட்டியது 1959-ல்!

ஓட்ஸ் டப்பாவுக்குள் கண்ணாடிக் கோப்பை கிடைத்த கதை தெரியுமா? 1930-களின் பொருளாதார மந்தத்தில் ரோஸ், பச்சைக் கண்ணாடிச் சாமான்கள் தானிய டப்பாவோடும் சினிமா டிக்கெட்டோடும் இனாம். பச்சையில் சிலவற்றின் மேல் புற ஊதா விளக்கை அடித்தால் பளீரென ஒளிரும், அங்கேயும் யுரேனியம்தான்! அன்று சும்மா கிடைத்த அந்த இனாமுக்கு இன்று சேகரிப்பாளர்கள் ஏலத்தில் போட்டி போடுகிறார்கள்!