நீலம் வெளுக்காத சுவர்கள்

குவாலியர் கோட்டையின் மான் மந்திர் அரண்மனை வெளிச்சுவரில் வாத்து வரிசையும் யானையும் முதலையும் வாழை மரமும் மெருகு ஓடுகளால் பதிக்கப்பட்டுள்ளன. 1486 முதல் 1516 வரை ஆண்ட தோமர் அரசர் மான் சிங் கட்டிய அரண்மனை இது. 1528இல் கோட்டையைப் பார்த்த பாபர், பச்சை ஓட்டில் அமைந்த வாழை மரங்களைத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஓடுகள் பல உதிர்ந்துவிட்டன. எஞ்சியவற்றில் நீலம் வெளுக்கவில்லை. சாயம் மேலே பூசப்பட்டதல்ல, கண்ணாடிப் படலத்துக்குள் கரைந்திருப்பது என்பதே காரணம்.

சுவருக்கு இப்படி நீலம் பூட்டிய பழைய பெருமுயற்சி எகிப்தில் நடந்தது. கி.மு. 2650 வாக்கில் சக்காராவில் எழுந்த ஜோசர் மன்னரின் படிப் பிரமிடுக்கு அடியில், நிலவறைச் சுவர்களில் சுமார் 36,000 நீல ஓடுகள் பதிக்கப்பட்டன. நாணல் பாய் தொங்கும் அரண்மனைச் சுவரை அப்படியே காட்டுவது நோக்கம். ஒவ்வோர் ஓட்டின் முதுகிலும் துளையிட்ட சிறு புடைப்பு உண்டு. அதில் கயிறு கோத்துச் சாந்தில் அழுத்தினார்கள். சூரியனே நுழையாத அறைக்கு இத்தனை உழைப்பு!

ஃபயான்ஸ் எனப்படும் இந்தப் பொருளில் களிமண் முதன்மையானதல்ல. குவார்ட்ஸ் கல்லையோ மணலையோ பொடித்து, சிறிது சுண்ணாம்பும், நேட்ரான் உப்பு அல்லது செடிச் சாம்பலும், செம்புத் தூளும் சேர்த்துப் பிசைவார்கள். ஈரச் சுவரில் உப்பு பூப்பதுபோல, காயும்போது உப்புகள் செம்பையும் இழுத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வரும். சூளையில் அந்த உப்பு குவார்ட்ஸை உருக்கிக் கண்ணாடியாக்கும். செம்பு அதற்கு நீலம் தரும். தனியாக மெருகு பூச வேண்டியதில்லை. வேறு முறைகளும் இருந்தன. பிற்காலத்தில் மாங்கனீசு, கோபால்ட், ஆன்டிமனி சேர்ந்து நிறங்கள் பெருகின. மெதினத் ஹாபுவில் மூன்றாம் ராமேசஸ் பதித்த ஓடுகளில் அயல்நாட்டுக் கைதிகளின் உடைகள்கூட நிறம் பிரித்துக் காட்டப்பட்டுள்ளன.

சிந்துவெளி மக்களும் ஃபயான்ஸ் செய்தார்கள். மணி, வளையல் போன்ற சிறு பொருள்களே அதிகம். வட இந்தியச் சுவர்களுக்கு மெருகு ஓடு வந்தது மிகப் பின்னர், மத்திய ஆசிய, பாரசீக மரபு வழியாக. டெல்லி லோதி தோட்டத்து ஷீஷ் கும்பத்தில் நீல ஓடுகள் இன்றும் மிச்சமிருக்கின்றன. ஜெய்ப்பூர் நீலப் பாண்டத்துக்கும் அடிப்படை குவார்ட்ஸ் பொடிதான். கண்ணாடித் தூள், முல்தானி மண், பிசின் ஆகியவை உடன் சேர்கின்றன.

தமிழகம் வேறு வழியில் சென்றது. திண்டுக்கல் வட்டாரக் கோபுரங்களிலும் சுண்ணாம்புச் சுதை உருவங்கள்மீது வண்ணம் பூசுவதே வழக்கம். அது மேற்பூச்சு என்பதால் வெயிலில் மங்கும். குடமுழுக்கின்போது மீண்டும் தீட்டப்படும்.