உஷார்! துள்ளுகிற மீனிலும் விஷம் இருக்கலாம்

கடல் மீன் என்றால், கெடாமலிருக்க ஃபார்மலின் போட்டிருப்பார்களோ என்ற பயம். அதனால் பலர் ஏரி மீன், டேம் மீன் பக்கம் திரும்பிவிட்டார்கள். கண்ணெதிரே துள்ளுகிறது, செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கிறது, இதில் என்ன கோளாறு வந்துவிடப் போகிறது என்ற தைரியம். செவுளைப் பார்த்து மீன் செத்து எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லலாம். எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று சொல்ல முடியாது. தண்ணீரில் கலந்த கழிவிலிருந்து பாதரசம் ஏறிய மீனுக்குத் தனி நாற்றமோ நிறமோ ருசியோ கிடையாது.

சாக்கடை கலந்த ஏரியில்தானே இதெல்லாம் என்கிறீர்களா? கொடைக்கானலைப் பாருங்கள். அங்கே இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை பாதரசக் கழிவைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிய விவகாரம் 2001-இல் வெடித்து, ஆலையை மூடினார்கள். ஐதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் கொடை ஏரியின் நீர், வண்டல், மீன் மூன்றிலும் அந்த ஆலையின் பாதரசம் இருந்தது. ஊரே படகு விட்டுக் கொண்டாடும் ஏரி அது! புதிதாகப் பரிசோதித்து முடிவைப் பகிரங்கமாக வைக்கும்வரை அந்த ஏரி மீனை நான் தொட மாட்டேன்.

ஆலை மூடினாலும் பாதரசம் போய்விடாது. வண்டலில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. புழு பூச்சியிலிருந்து சின்ன மீனுக்கு, சின்ன மீனைத் தின்னும் விரால், வாளைக்கு என்று போகப் போக அடர்த்தி கூடுகிறது. ஜப்பானில் அகானோ ஆற்று மீனைத் தின்றவர்களுக்குக் கை கால் மரத்து, பார்வை சுருங்கி, நடை தள்ளாடியது 1965-இல் அம்பலமானது. பாதரசத்தை ஆற்றில் விட்ட ஆலையோ ஆற்றின் மேல்பகுதியில் சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

நம் வீட்டுக் கைவைத்தியம் எதுவும் இங்கே செல்லாது. கல்லுப்பு, மஞ்சள் போட்டு உரசினால் வழவழப்புப் போகும். அயிரையைப் பாலில் விட்டால் மண்ணைக் கக்கும். மெத்தில் பாதரசமோ சதையோடு ஒட்டிக்கொண்டது. கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அப்படியே தட்டுக்கு வரும். ஆலைக் கழிவில் வரும் காட்மியமும் ஈயமும் கொஞ்சம் வேறு ரகம். அவை ஈரல், சிறுநீரகம், செவுள், முள் ஆகியவற்றில் அதிகம் தங்கும். ஆகவே குடலோடும் முள்ளோடும் முழுசாகத் தின்கிற பொடி மீன் தொழிற்பேட்டைத் தண்ணீரிலிருந்து வந்ததென்றால் வேண்டாம்.

ஒரு கணக்குப் போடுவோம். மீனில் மெத்தில் பாதரசத்துக்கு நம் நாட்டு உச்சவரம்பு கிலோவுக்கு 0.25 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொல்லும் வாராந்தர எல்லை, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 மைக்ரோகிராம். உச்சவரம்பைத் தொட்ட மீன் என்றால், 60 கிலோ எடையுள்ளவர் வாரத்தில் 400 கிராம் தின்றாலே எல்லை தாண்டிவிடும். 15 கிலோ குழந்தைக்கு 100 கிராமே அதிகம்.

கர்ப்பிணிகள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடி தாண்டி சிசுவின் மூளைக்குப் போகும். தாய்க்கு அறிகுறி எதுவும் தெரியாமலே இருக்கலாம். மீனே வேண்டாம் என்று தள்ளிவிடாதீர்கள், அந்தச் சத்தும் பிள்ளைக்கு வேண்டும். பெரிய விரால், வாளையைக் குறைத்து, நல்ல தண்ணீர்ப் பண்ணையில் வளர்ந்த ரோகு, கட்லா, கெண்டை வாங்குங்கள். “எந்த ஏரி மீன்ணே?” என்று கடைக்காரரைக் கேளுங்கள். சாயப்பட்டறை, தோல் ஷெட், பேட்டரி உருக்கும் இடத்துக் கழிவு இறங்கும் ஏரி என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

ஏரி மீன் குத்தகையை ஏலம் விடுகிறவர்கள், அந்த மீனில் என்னென்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்து ஏரிக்கரையிலேயே போர்டு வைக்கட்டும். உங்கள் ஊர் கிராமசபையில் இதைக் கேளுங்கள்.