கருங்கரடிக் குடும்பமும் தானியங்கிக் காமிராவும்

வனவிலங்குகளின் வாழ்க்கையை ஆராய்வோர் எதிர்கொள்ளும் முதல் இடையூறு, மனிதன் நெருங்கியவுடன் விலங்கு தன் இயல்பான நடத்தையை மாற்றிக்கொள்வதாகும். குட்டிகளுடன் உள்ள தாய்க் கரடியின் விஷயத்தில் இது ஆபத்தாகவும் முடியும். வளையிலிருந்து கலைக்கப்பட்ட தாய் சில சமயங்களில் குட்டிகளைக் கைவிட்டு ஓடிவிடுகிறது. கைவிடப்பட்ட குட்டிகள் குளிரில் மடிகின்றன. ஆளின்றி இயங்கும் காமிரா இவ்விடையூற்றைப் பெரிதும் நீக்கியுள்ளது. வட அமெரிக்கக் கருங்கரடியைப் பற்றிய ஆராய்ச்சி இதற்குத் தக்க உதாரணமாகும்.

குளிர்கால உறக்கம்

கருங்கரடிகள் கோடையின் தொடக்கத்தில் இணைகின்றன. எனினும் கரு உடனே கருப்பையில் பதிவதில்லை. இலையுதிர்காலத்தின் இறுதியில்தான் பதிந்து வளரத் தொடங்குகிறது. ஜனவரி மாத அளவில், தாய் உறங்கும் வளையிலேயே குட்டிகள் பிறக்கின்றன. அப்பொழுது ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 கிராம் எடையே உள்ளது, கண்கள் திறந்திரா. தாய் பல மாதங்கள் உணவும் நீருமின்றி, உடலில் சேர்ந்துள்ள கொழுப்பைக்கொண்டே பாலூட்டி வளர்க்கிறது. ஆண் கரடிக்குக் குட்டி வளர்ப்பில் பங்கில்லை.

அலாஸ்காவில் நடைபெற்று 2011ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, உறங்கும் கரடியின் உடல் வெப்பநிலை 30 முதல் 36 டிகிரி சென்டிகிரேடு வரை உள்ளது. உயிர்ச்செயல்களின் வேகமோ வழக்கத்தில் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. வளையைவிட்டு வெளிவந்த பின்னரும் அவ்வேகம் கோடைகால அளவில் ஏறக்குறைய பாதியாகவே உள்ளது, இயல்பு நிலைக்குத் திரும்பச் சில வாரங்கள் ஆகின்றன. ஆகவே, வசந்தத்தின் முதற் படங்களில் தாய் சோர்ந்து நடப்பதையும் குறைவாக உண்பதையும் கண்டு, அது நோயுற்றதென்று முடிவு கட்டலாகாது.

ஏப்ரல் மாத அளவில் குடும்பம் வெளிவருகிறது. இளம்புல், மரத் துளிர்கள், எறும்புப் புழுக்கள் ஆகியவை அப்பருவத்தின் உணவு. மினசோட்டா மாநிலத்தில் தாய்க் கரடிகள் பருத்த வெள்ளைப் பைன் மரங்களை நாடுகின்றன. அவற்றின் சொரசொரப்பான பட்டையைப் பற்றிக் குட்டிகள் எளிதில் ஏறித் தப்பலாம்.

காமிரா இயங்கும் விதம்

விலங்கே தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு புதியதன்று. அமெரிக்கரான ஜார்ஜ் ஷைராஸ் கம்பி இடறினால் ஒளிரும் விளக்கைக்கொண்டு எடுத்த படங்கள் 1906ஆம் ஆண்டில் நேஷனல் ஜியாகிரபிக் இதழில் வெளிவந்தன. இந்திய வன இலாகா அதிகாரியான எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920களில் இதே முறையில் புலிகளைப் படம் எடுத்தார்.

இக்காலக் காமிராவில் கம்பி இல்லை. விலங்கின் உடல் வெப்பத்திற்கும் சுற்றுப்புற வெப்பத்திற்கும் உள்ள வேற்றுமை நகரும்பொழுது, அதை ஓர் உணர்கருவி அறிந்து காமிராவை இயக்குகிறது. இரவில் அகச்சிவப்புக் கதிர்கள் ஒளி தருகின்றன. நண்பகல் வெயிலில் அவ்வேற்றுமை குறைவதால் சில விலங்குகள் பதிவாகாமற் போவதும் உண்டு.

படங்களை ஆராய்தல்

புலியை அதன் வரிகளைக்கொண்டு இனங்காணலாம். கருங்கரடிக்கு அத்தகைய தெளிவான அடையாளம் பெரும்பாலும் இல்லை. ஒரு படத்தில் இரண்டு குட்டிகள் காணப்பட்டால், குறைந்தது இரண்டு உள என்பதே அதன் பொருள். மூன்றாவது மரத்தின்மேல் இருக்கலாம். அவ்வாறே, முன்பு மூன்றாக இருந்தவை ஒருநாள் இரண்டாகத் தோன்றினால் ஒன்று இறந்ததென்று எழுதிவிடக் கூடாது. பல நாட்களின் படங்களை ஒப்பிட்ட பின்னரே முடிவு கூற வேண்டும். படத்தில் இல்லாதது வேறு, காட்டில் இல்லாதது வேறு. முதல் வேனிலில் எத்தனை குட்டிகள் பிழைக்கின்றன என்பதையும்கொண்டு அவ்வினத்தின் நிலை மதிப்பிடப்படுவதால், இப்பிழை சிறியதன்று.

தலையீடு பற்றிய கேள்வி

மினசோட்டாவில் ஈலி நகரின் அருகே, லிலி என்று பெயரிடப்பட்ட கரடி 2010 ஜனவரியில் ஒரு குட்டியை ஈன்றது. வளையினுள் வைத்த காமிராவின் மூலம் அக்காட்சியை உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் இணையத்தில் கண்டனர். அவ்வாண்டு மே மாதத்தில் தாயும் குட்டியும் பிரிந்தபொழுது ஆய்வாளர்கள் தலையிட்டு அவற்றைச் சேர்த்துவைத்தனர். குட்டியைக் காத்தது முறையே என்றனர் சிலர். இயற்கையின் போக்கை அறிய வந்தவர் அதை மாற்றலாகாது என்றனர் வேறு சிலர். காமிராவை அமைக்குமுன்பே, கண்ட காட்சியில் எந்த அளவு தலையிடுவது என்பதையும் முடிவு செய்துகொள்வது நலம் என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

கள ஊழியர் கவனத்திற்கு

இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் வாழும் ஆசியக் கருங்கரடி வேறோர் இனமாயினும், பின்வரும் குறிப்புகள் அதற்கும் பொருந்தும்.

1. காமிராவை வளையின் வாயிலில் வைக்காமல், விலங்குகள் செல்லும் தடத்தில் வைத்தல் வேண்டும்.

2. குட்டிகளும் படத்தில் அடங்குமாறு அதைத் தாழ்வாக அமைத்து, எதிரே அசையும் புல்லையும் கிளைகளையும் அகற்ற வேண்டும்.

3. கரடி மோந்து பார்த்துக் கடிக்கக்கூடுமாதலால் உலோகப் பெட்டி அவசியம்.

4. நாளும் நேரமும் சரியாக உள்ளனவா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். நேரம் தவறிய படத்தால் பயன் குறைவு.

5. வளை உள்ள இடத்தைப் பிறர் அறியச் செய்யலாகாது.

6. படங்களை எடுத்துவர அடிக்கடி செல்லுதல் கூடாது. காமிராவை வைத்ததன் நோக்கமே மனிதன் அங்கு இல்லாதிருத்தல்தான்.