பாதுகாவலர் நியமனம் (தேசிய அறக்கட்டளைச் சட்டம்)

பாதுகாவலர் நியமனம் என்பது மதியிறுக்கம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்காக இந்தியாவில் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999 வகுத்துள்ள நடைமுறை ஆகும்.

பிள்ளைக்கு 18 வயது நிறைவடைந்ததும் பெற்றோரின் இயல்பான பாதுகாவலர் உரிமை முடிவுறுகிறது. அதன்பின் வங்கி, சொத்து தொடர்பான ஆவணங்களில் பிள்ளைக்காக அவர்கள் கையொப்பமிட இந்நியமனம் தேவைப்படலாம்.

பெற்றோரோ உறவினரோ தாம் விரும்பும் ஒருவரைப் பாதுகாவலராக நியமிக்குமாறு மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். மாவட்ட ஆட்சியர் நிலையிலுள்ள அலுவலர், பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் இதன் உறுப்பினர்கள். பாதுகாவலர் தேவையா, எவற்றுக்குத் தேவை என்பதைக் குழு ஆராயும்.

நியமிக்கப்பட்டவர் 6 மாதங்களுக்குள் அசையாச் சொத்துகள் உள்ளிட்டவற்றின் பட்டியலை அளிக்க வேண்டும்; ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும். புறக்கணிப்போ சொத்து முறைகேடோ நிகழ்ந்தால், பெற்றோர், உறவினர் அல்லது பதிவுபெற்ற அமைப்பு அவரை நீக்கக் கோரலாம்.