மெதுவான ஆங்கிலச் சொற்கள்



கொழுந்து இளசாக இருக்க வேண்டும் என்று மலையில் கங்காணி சொல்வார். முத்தல் இலை கலந்தால் தராசடியில் சத்தம் கேட்கும். ஆனால் அதே கொழுந்து ஸ்டோரில் அரைபட்டுக் காய்ந்து தேயிலையாகி, 1883ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்பு ஏலத்துக்குப் போனதும் கதை மாறிவிடுகிறது. அங்கே ருசி பார்ப்பவர் "சொஃப்ட்" என்று எழுதினால் அது பாராட்டு அல்ல, குறை. நாக்கில் சுறுக்கென்று பிடிக்கிற சாயத்தை அவர்கள் "பிரிஸ்க்" என்பார்கள். அந்த உயிர்ப்பு இல்லாமல் சப்பென்று இருந்தால்தான் "சொஃப்ட்". ஸ்டோரில் இலை நொதிக்கிற பதம் தவறினால் இப்படி ஆகும்.

தமிழில் சோறு குழைவு, துணி மிருது, காய்ச்சல் லேசு, குணம் சாந்தம் என்று இடத்துக்கு ஒரு சொல் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் சொஃப்ட், டெண்டர், மைல்ட், ஜென்டில் என்று பல உண்டு. பிள்ளைகளின் பாடசாலை அகராதியில் பார்த்தால் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் "மென்மையான" என்றுதான் போட்டிருக்கும். தொல்லை அங்கேதான். (ஜென்டில் என்பது முதலில் நல்ல குடும்பத்தில் பிறந்தவர் என்ற பொருளில் இருந்த சொல். ஜென்டில்மேன் அதிலிருந்து வந்தது. சாந்தம் என்ற பொருள் பிறகு ஏறியது. அதனால் நமக்கு நட்டம் ஒன்றும் இல்லை.)

டெண்டர் என்றால் நமக்குக் கொந்தரப்பு ஞாபகம் வரும். அந்த டெண்டர் வேறு, மென்மை என்ற டெண்டர் வேறு. இரண்டும் வெவ்வேறு லத்தீன் சொற்களிலிருந்து வந்து ஒரே எழுத்தில் நிற்கின்றன. டொக்டர் எழுதுகிற டெண்டருக்கோ தொட்டால், அழுத்தினால் வலிக்கிறது என்று அர்த்தம். ஒரு தகப்பனார் தன் மகனின் துண்டைப் பார்த்தார். வலது அடிவயிறு டெண்டர் என்று எழுதியிருந்தது. மூத்த பிள்ளை அகராதியைப் புரட்டி, "வயிறு மெதுவா இருக்குன்னு போட்டிருக்கு அப்பா" என்றதாம். அப்படியென்றால் பயமில்லை, நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டார்கள். இரவு வலி கூடியபிறகுதான் லொறி தேடி ஓடினார்கள். குடல்வால் அழற்சி. சத்திரசிகிச்சை செய்து பையன் பிழைத்தான். அந்தத் துண்டைக் கொடுத்தவர் ஒரு வார்த்தை தமிழில் சொல்லியிருந்தால் அந்த இரவு வந்திருக்காது என்று எங்களுக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

அடுத்தது மைல்ட். பெண்கள் இரத்தம் சோதித்துக்கொண்டு வரும் தாளில் "மைல்ட் அனீமியா" என்று இருக்கும். "லேசாத்தான் இருக்காம்" என்று சொல்லிக் குளிசையை அலுமாரியில் போட்டுவிடுகிறார்கள். இந்த லேசு ஆறுதலுக்காக எழுதிய சொல் அல்ல, ஒரு கணக்கு. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தாலே இரத்தச்சோகை என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. 11 முதல் 11.9 வரை மைல்ட். 8 முதல் 10.9 வரை நடுத்தரம். 8க்குக் கீழே கடுமை. கர்ப்பிணிகளுக்கு அளவு வேறு, அதைக் கிளினிக்கில் கேட்க வேண்டும். மைல்ட் என்று வந்தாலும் உடம்பில் இரும்புச்சத்து ஏற்கெனவே தீர்ந்துபோயிருக்கலாம். கூடையோடு ஏற்றம் ஏறும்போது மூச்சு வாங்குவதும், பகலுக்குமேல் கை சோர்வதும் வயசினால் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது.

இதிலே நம்மவர்களுக்கென்றே ஒரு விசயம் உண்டு. இரும்புக் குளிசையைப் பிளேன்டீயோடு விழுங்கினால் அதன் பலனில் பெரும் பங்கு போய்விடும். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. குளிசைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி வேண்டாம். சோற்றோடும் வேண்டாம். தேசிக்காய்த் தண்ணியோடு எடுத்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்த வேண்டாம், குளிசையினால் அப்படித்தான் போகும்.

கடைசியாக, வீடு கட்ட வருகிற "சொஃப்ட் லோன்". நாடுகளுக்கிடையில் இந்தப் பேச்சு பழையது. 1960இல் தொடங்கிய சர்வதேச அபிவிருத்திச் சங்கம், வறிய நாடுகளுக்கு வட்டியில்லாமல், 0.75 வீதம் சேவைக் கட்டணத்தோடு, 50 வருடத்தில் திருப்பிக் கட்டும்படி கடன் கொடுத்தது. முதல் 10 வருடம் முதல் கட்டத் தேவையில்லை. அதுவும் கடன்தான், நன்கொடை அல்ல. நமக்கு வருவதும் அப்படியே. "சொஃப்ட்டுன்னா கட்டத் தேவையில்லையாம்" என்று லயத்துக்கு லயம் கதை போகிறது. கட்டத்தான் வேண்டும். மெதுவாக இருப்பது வட்டியும் தவணையும் மட்டும்.

உதாரணத்துக்கு ஒரு இலட்சம் ரூபாவை 10 வருடத்துக்கு எடுப்போம். குறைந்துவரும் நிலுவைக்கு 4 வீத வட்டி என்றால் மாதம் ஏறக்குறைய 1,012 ரூபா, முடிவில் கட்டியது 1,21,500 அளவு. 16 வீதம் என்றால் மாதம் 1,675 ரூபா, மொத்தம் 2,01,000. வித்தியாசம் பெரிசு, சந்தேகமில்லை. ஆனால் 4 வீதமும் சம்பளத்தில் வெட்டுப்படும். சலுகைக் காலம் என்று எழுதியிருந்தால் அந்த மாதங்களில் வட்டி ஓடுகிறதா, இல்லையா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பக்கத்துக் காம்பராக்காரருக்குப் பிணை வைப்பவரும் அதையே கேட்க வேண்டும். அவர் கட்டாவிட்டால் உங்களிடம்தான் வருவார்கள். தாள் ஆங்கிலத்தில் இருந்தால் கையெழுத்து வைக்க முந்தி எங்களிடம் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து வாசித்துச் சொல்கிறோம்.